2014 ராம் 2500: கம்பெனி கியர்பாக்ஸை இப்போதே மாற்றவா, இருக்கும்வரை ஓட்டவா?

பிளேனோ வாசன் | டெக்சஸ்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2014 ராம் 2500 இருக்கிறது. 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், நாலு சக்கர டிரைவ், ஆக்ஸில் ரேஷியோ 3.42. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது 1,30,000 மைல் ஆகிறது. கியர்பாக்ஸ் கம்பெனியிலிருந்து வந்த அதே 68ஆர்எஃப்இ, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினில் ட்யூன் (சக்தியைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றுவது) எதுவும் இல்லை. டயர் மட்டும் 35 அங்குலம், முந்தைய ஓனர் போட்டது.

கோடை விடுமுறையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ போவது வழக்கம். நெடுஞ்சாலை 287 பிடித்து அமரில்லோ, அப்புறம் டல்ஹார்ட், கிளேட்டன் வழியாக ரட்டோன் கணவாய். தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து டிரெய்லர் 9,000 பவுண்டு வரும். ரட்டோன் ஏற்றத்தில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் 215 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது, மேலே ஏறியதும் இறங்கிவிட்டது. கியர் மாறுவதில் வழுக்கல், உதறல் எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

ஆயில் மாற்றலாம் என்று பக்கத்தில் ஒரு ஷாப்புக்குப் போனேன். "இந்த கியர்பாக்ஸ் எப்படியும் போகும் சார், நடுவழியில் போவதற்கு முன்னால் நீங்களே மாற்றிவிடுங்கள்" என்றார்கள். ட்ரிப்பிள் டிஸ்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), பில்லெட் இன்புட் ஷாஃப்ட் (கடைந்தெடுத்த உறுதியான தண்டு), புது வால்வ் பாடி (ஆயில் பிரஷரை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் அனுப்பும் பாகம்), புது கிளட்ச் எல்லாம் சேர்த்து 9,000 டாலருக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். சின்னப் பணம் இல்லை. ஆனால் பிள்ளைகளோடு நியூ மெக்சிகோ வெயிலில் சாலையோரம் நிற்கவேண்டி வருமோ என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டீசல் தாஸ் | ஓக்லஹோமா

மாற்றிவிடுங்கள் ப்ரோ. 68ஆர்எஃப்இ பெயரைக் கேட்டாலே டீசல்காரர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். போனபிறகு மாற்றினால் இன்னும் செலவு. கன்வெர்ட்டர் சிதைந்தால் உலோகத்தூள் வால்வ் பாடி, கூலர், லைன் எல்லாவற்றிலும் போய் உட்காரும். கூலரையும் சேர்த்து மாற்றவேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே பிரித்தால் உங்கள் பழைய கியர்பாக்ஸ் பெட்டிக்கு கோர் விலையும் (பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் பணம்) முழுசாகக் கிடைக்கும்.

கியர் ரவி | ஹூஸ்டன்

வாசன் சார், நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டுகிற தொழிலில் இருப்பவன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "ட்யூன் எதுவும் இல்லை" என்ற வரி. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெட்டி எங்கே பலவீனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2007-ன் நடுவில் 6.7 இன்ஜினோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்னால் இருந்த 48ஆர்இ நாலு கியர் பெட்டியில் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை) இருந்தது. இதில் பேண்டே கிடையாது, எல்லாம் கிளட்ச். 4, 5, 6 மூன்று கியரிலும் ஓவர்டிரைவ் கிளட்ச் (மேல் கியர்களுக்கானது) வேலை செய்கிறது. 4-ல் கீழ் கியர்களுக்கான அண்டர்டிரைவ் கிளட்ச்சோடு சுமையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. 5-லும் 6-லும் இன்ஜினிலிருந்து வருகிற டார்க் (சுழற்று விசை) முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. கிளட்ச் தேய்ந்த பெட்டிகளைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் கருகிப்போய் வெளியே வருவது அந்த ஓவர்டிரைவ் கிளட்ச்தான்.

இரண்டாவது, கன்வெர்ட்டரின் லாக்அப் கிளட்ச். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது அது. கம்பெனி கன்வெர்ட்டரில் ஒரே டிஸ்க். கம்பெனி கொடுத்த டார்க் வரை தாங்கும், ட்யூன் போட்டு ஏற்றினால் வழுக்க ஆரம்பிக்கும். மூன்றாவது, வால்வ் பாடி. அதன் பிளேட் வளைந்து பிரஷர் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குக் கசியும். பிளாஸ்டிக் அக்யுமுலேட்டர் பிஸ்டன்கள் உடையும். பிரஷர் குறைந்தால் கிளட்ச் இறுகிப் பிடிக்காது, பிடிக்காத கிளட்ச் எரியும். அதனால் கிளட்ச் எரிந்த பல கேஸ்களில் மூலகாரணம் பிரஷர்தான். கிளட்ச்சை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வண்டி திரும்ப வரும்.

இத்தனை பலவீனம் இருந்தும் ட்யூன் இல்லாத வண்டிகள் நிறைய மைல் ஓடுகின்றன. காரணம் இருக்கிறது. கியர் மாறும் நேரத்திலும் சின்ன கியர்களிலும் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்து இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. உங்கள் 2014-க்கு இந்தப் பெட்டியோடு கொடுத்தது 370 குதிரைத்திறன், 800 பவுண்டு-அடி. அதே வருடம் ராம் 3500-ல் ஐசின் என்ற ஜப்பான் கம்பெனியின் பெட்டி போட்டவர்களுக்கு 385, 850. பெட்டி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் கம்பெனி டார்க்கைக் கொடுத்திருக்கிறது. மார்க்கெட்டில் கிடைக்கிற பல ட்யூன்கள் முதலில் கை வைப்பது அந்த அடக்கத்தின் மேல்தான்.

ஆகவே 9,000 டாலர் பேசும் முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பான் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கிற ஆயில் தட்டு) இறக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் இருக்கிற காந்தத்தில் மை போலச் சாம்பல் பசை இருந்தால் இந்த வயதுக்கு இயல்பு. மின்னுகிற துகள், பித்தளை நிறச் செதில், கிளட்ச் பொருள் துண்டு துண்டாக இருந்தால் வேறு கதை. ஆயில் நிறத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். ஏடிஎஃப்+4 ஆயிலில் இருக்கிற சிவப்புச் சாயம் நிலைக்காது, நல்ல ஆயிலே பழுப்பாகத் தெரியும். இரண்டு, நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கிளட்ச் வால்யூம் இண்டெக்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளட்ச்சும் பிடிக்க எவ்வளவு ஆயில் தேவைப்படுகிறது என்று கம்ப்யூட்டர் தானே கற்று எழுதி வைத்திருக்கும். கிளட்ச் தேயத்தேய அந்த எண் ஏறும். ஓவர்டிரைவ் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சர்வீஸிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுக் கோட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பி0868 என்றால் லைன் பிரஷர் குறைவு. பி0871 என்றால் ஓவர்டிரைவ் பிரஷர் ஸ்விட்ச் சொல்வதும் கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பதும் பொருந்தவில்லை. விளக்கு எரியாமலும் கோட் உள்ளே கிடக்கலாம்.

இந்த மூன்றும் பார்க்காமல் "எப்படியும் போகும்" என்று சொல்லி எஸ்டிமேட் நீட்டுகிற ஷாப்பில் நான் வண்டியை விடமாட்டேன்.

ஹாட்ஷாட் செல்வம் | அமரில்லோ

ரவி அண்ணன் சொன்னது சரி. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் கூஸ்நெக் டிரெய்லர் போட்டு லோடு அடிக்கிறவன். வண்டி நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை, லோடு கொடுத்தவர் அடுத்த தடவை கூப்பிடமாட்டார். அதனால் நான் பழைய வண்டியில் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும்போதே கழற்றிக் கட்டிவிட்டேன். கணக்கு எனக்குச் சரியாக வந்தது. வருடத்துக்கு ஓரிரு தடவை டிரெய்லர் இழுக்கிற குடும்ப வண்டிக்கு அதே கணக்கு வராது. தம்பி, உங்களுக்கு அவ்வளவு தூரம் இழுவை வண்டி அனுப்புகிற ரோட்சைடு பிளான் இருக்கிறதா, டிரெய்லரையும் சேர்த்து இழுப்பார்களா என்று பார்த்து வையுங்கள். வீட்டில் கேட்ட கேள்விக்கு அதுதான் முதல் பதில்.

இன்னொன்று. அந்த 35 அங்குல டயர்.

கியர் ரவி | ஹூஸ்டன்

செல்வம் அண்ணன் டயரைத் தொட்டுவிட்டார், நான் கணக்கைப் போடுகிறேன். உங்கள் வண்டியின் சாதாரண டயர் 275/70 ஆர்18, உயரம் 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. 35 போட்டதும் உயரம் ஐந்து சதவீதம் கூடிவிட்டது. அதாவது உங்கள் 3.42 ஆக்ஸில் இப்போது 3.24 போல நடந்துகொள்கிறது. ஏற்கெனவே நீளமான ரேஷியோ (அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும், இழுவை குறையும்), இன்னும் நீண்டுவிட்டது.

சாதாரண டயரில் 6-வது கியரில் 65 மைல் வேகத்துக்கு இன்ஜின் சுமார் 1,400 ஆர்பிஎம் சுற்றும். உங்களுக்கு இன்னும் கீழே. இந்த இன்ஜினின் உச்ச டார்க் 1,600-ல் வருகிறது. 9,000 பவுண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில், 1,350 ஆர்பிஎம்மில், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்து, முழு டார்க்கையும் ஓவர்டிரைவ் கிளட்ச் வழியாக மணிக்கணக்கில் அனுப்புகிறீர்கள். டல்ஹார்ட் பக்கம் சாலை தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் காற்று சும்மா விடாது.

இதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. டிரெய்லர் மாட்டினால் டோ-ஹால் பட்டனை (பாரம் இழுப்பதற்கான முறை) அழுத்துங்கள், ஷிஃப்ட்டரில் இருக்கிற கழித்தல் பட்டனால் மேல் கியரை 5 என்று பூட்டிவிடுங்கள். 5-வது 0.82, 6-வது 0.63. அந்த ஒரு படியில் 1,350 இருந்த இடத்தில் 1,750 பக்கம் சுற்றும். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், குடிக்கட்டும். ஏற்றம் வந்தால் வண்டி தானாகத் தடுமாறி இறங்கும்வரை காத்திருக்காமல் நீங்களே 4-க்கு இறக்குங்கள். கன்வெர்ட்டர் லாக் ஆகி இருக்கும்போது அதில் சூடு கிட்டத்தட்டக் கிடையாது. லாக் விட்டு ஆயிலைக் கலக்கிக்கொண்டே ஏறும்போதுதான் வெப்பம் ஏறும். உங்கள் 215-ன் பெரும் பகுதி அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

மலைமகள் | கொலராடோ

பெண் குரல் ஒன்றும் வரட்டும். நாங்கள் டென்வருக்கு மேற்கே இருக்கிறோம், குதிரை டிரெய்லர் இழுக்கிறோம். ஐ-70-ல் ஐசன்ஹவர் டன்னல் 11,000 அடிக்கு மேலே. சில்வர்தார்ன் பக்கமிருந்து அதற்கு ஏறும்போது சரிவு ஏழு சதவீதம் வரை வரும். எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு முக்கியம் இறக்கம்.

வாசன், உங்கள் எக்ஸாஸ்ட் பிரேக் கியர்பாக்ஸை நம்பித்தான் இருக்கிறது. வெளியேறும் புகையை டர்போ அடைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்கும், அந்தப் பிடி சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேரவேண்டுமானால் கன்வெர்ட்டர் லாக் ஆகி இருக்கவேண்டும். லாக்அப் வழுக்குகிற வண்டியில் இறக்கத்தில் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே வருவீர்கள், அடியில் வந்து சேரும்போது பிரேக் வாசனை அடிக்கும். ஆகவே அடுத்த பயணத்தில் ரட்டோன் தாண்டி டிரினிடாட் இறக்கத்தில் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் இறுக்கமாகப் பிடிக்கிறதா, அல்லது ஆர்பிஎம் முள் தனியாக அலைகிறதா? வேகம் மாறாமல் முள் மட்டும் மேலும் கீழும் போனால் உடனே ரவி அண்ணாவைக் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு அறிகுறி போதும், பணத்தை யோசிக்காமல் செலவு செய்வேன். பிள்ளைகள் பின் ஸீட்டில் இருக்கும்போது இறக்கத்தில் சமரசம் கிடையாது.

டீசல் தாஸ் | ஓக்லஹோமா

எல்லாரும் சேர்ந்து என்னைத் தனியாக விட்டுவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். 2014 வண்டியை யாரும் என்றைக்கும் கம்பெனி நிலையில் வைத்திருப்பதில்லை. சின்ன டோ ட்யூன் ஒன்றாவது போடுவார்கள். வாசன், நீங்களும் ஒருநாள் போடுவீர்கள். அப்போது கன்வெர்ட்டர் தாங்காது. இப்போதே கட்டிவிட்டால் கவலை இல்லாமல் டார்க் ஏற்றலாம்.

கியர் ரவி | ஹூஸ்டன்

தாஸ் தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு பாதியை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ட்யூன் போடுவதாக இருந்தால் பெட்டி முதலில், ட்யூன் பிறகு. அந்த வரிசையை மாற்றுகிறவர்களால்தான் என் ஷாப்பில் லிஃப்ட் காலியாக இருப்பதே இல்லை. ஆனால் வாசன் சார் ட்யூன் வேண்டும் என்று கேட்கவே இல்லை. 9,000 பவுண்டுக்கு 800 பவுண்டு-அடி தாராளம்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்), இஜிஆர் (புகையை இன்ஜினுக்கே திருப்பி விடும் அமைப்பு) கழற்றிப் போடுகிற டிலீட் ட்யூன் பக்கம் போகாதீர்கள். அமெரிக்காவில் அது ஃபெடரல் சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு விரோதம், விற்கிறவர் போடுகிறவர் இருவருக்கும் அபராதம் விழும். 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வண்டிகளில் போட்ட புகை மென்பொருளுக்காக கம்மின்ஸே 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது, உங்கள் வண்டியும் அந்த வருடங்களுக்குள்தான் வருகிறது. டீலர் புது மென்பொருள் ஏற்றினால் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட ட்யூன் அழிந்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ட்ரிப்பிள் டிஸ்க் பற்றியும் சொல்கிறேன். அது நல்ல சாமான்தான். ஒரு டிஸ்க்குக்குப் பதில் மூன்று, பிடிக்கிற பரப்பு அதிகம், அதனால் அதிக டார்க்கில் வழுக்காது. ஆனால் கம்பெனி கம்ப்யூட்டர் லாக்அப்பைச் சில நேரம் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வைத்து மெல்லச் சேர்க்கும். ஒரு டிஸ்க்குக்கு எழுதிய அந்த முறையை மாற்றாமல் ட்ரிப்பிள் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் லாக் ஆகும்போது உதறல் வரலாம். 9,000 டாலர் கொடுத்துவிட்டு முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்று வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்ப வண்டிக்கு, ட்யூன் இல்லாதபட்சத்தில், பின்னால் கட்டும் நாள் வந்தால் கூட நான் முதலில் பணம் போடுவது வால்வ் பாடியிலும் ஓவர்டிரைவ் கிளட்ச்சிலும்தான். பில்லெட் ஷாஃப்ட் எல்லாம் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு.

புதுவண்டி புகழ் | ஜார்ஜியா

இடையில் ஒரு சந்தேகம். இவ்வளவு பலவீனம் என்றால் அதே ஐசின் பெட்டியையோ, அல்லிசனையோ தூக்கி மாட்டிவிடலாமே?

கியர் ரவி | ஹூஸ்டன்

மாட்டலாம் தம்பி, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐசினை ராம் 2500-க்கு கம்பெனி கொடுத்ததே இல்லை. கம்ப்யூட்டர், வயரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் கை வைக்கவேண்டும். அல்லிசன் 2001-லிருந்து ஜிஎம் டீசல் வண்டிகளில் பெயர் வாங்கிய பெட்டி, ஆனால் இந்த வண்டிக்குத் தனி கன்ட்ரோலர் வைத்து ஓட்டவேண்டும். அந்தச் செலவில் 68-ஐயே இரண்டு தடவை நன்றாகக் கட்டிவிடலாம். 2025 ராம் ஹெவி டியூட்டியில் கம்பெனியே இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டு இசட்எஃப் எட்டு கியருக்குப் போய்விட்டது.

பிளேனோ வாசன் | டெக்சஸ்

எல்லாருக்கும் நன்றி. வேறு ஒரு சின்ன ஷாப்புக்குப் போனேன். நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், மெக்கானிக் தயங்காமல் சரி என்றார்.

பான் இறக்கினதும் காந்தத்தைத் துடைத்துக் காட்டினார். சாம்பல் பசை, விரலில் தேய்த்தால் மை மாதிரி வழவழவென்று இருந்தது. துகள் நெருடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், மினுமினுப்பு இல்லை. ஆயில் பழுப்பு நிறம், கருகல் வாசனை இல்லை. கோட் எதுவும் பதிவாகவில்லை. கிளட்ச் எண்கள் ஐந்தையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஓவர்டிரைவ் எண் மற்ற வண்டிகளில் அவர் பார்த்ததோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மேலே, ஆனால் கவலைப்படும் அளவில் இல்லை என்றார்.

முடிவு இது: பெட்டியை இப்போது மாற்றவில்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டேன். அடுத்த டயர் மாற்றும்போது பழைய அளவுக்கே திரும்புகிறேன். டிரெய்லர் மாட்டினால் 6-வது கியர் கிடையாது. டிரெய்லரையும் சேர்த்து இழுக்கிற ரோட்சைடு பிளான் எடுத்தாயிற்று, செல்வம் அண்ணா. 9,000 டாலரைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்துவிட்டோம். வீட்டிலும் எண்களை எல்லாம் காட்டிப் பேசினேன். மலைமகள் அக்கா சொன்ன இறக்க சோதனையை அவர்களே ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறார்கள்.

டீசல் தாஸ் | ஓக்லஹோமா

என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை ப்ரோ, ஆனால் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு முடிவு எடுத்திருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். ஓவர்டிரைவ் எண் அடுத்த சர்வீஸில் ஏறியிருந்தால் காத்திருக்காதீர்கள். கிளட்ச் தேய்வதோடு நின்றால் ஒரு விலை, உடைந்து உலோகம் ஓடினால் வேறு விலை.

கியர் ரவி | ஹூஸ்டன்

தாஸ் சொல்வது சரி. "இருக்கும்வரை ஓட்டு" என்றால் நின்றுபோகும்வரை ஓட்டு என்று அர்த்தம் இல்லை. எண் தொடர்ந்து ஏறினாலோ, 4-லிருந்து 5 மாறும்போது ஆர்பிஎம் ஒரு துள்ளு துள்ளினாலோ அந்த வாரமே டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பானுக்குள் இரண்டு ஃபில்டர் இருக்கும், ஒன்று தட்டையானது, ஒன்று சுழற்றி மாட்டுவது. இரண்டையும் மாற்றினார்களா?

பிளேனோ வாசன் | டெக்சஸ்

இரண்டும் மாற்றினார் அண்ணா, பழையதை என் கையிலேயே கொடுத்தார்.

கியர் ரவி | ஹூஸ்டன்

நல்லது. அந்தத் தட்டை ஃபில்டரின் கழுத்தில் ஒரு சீல் வரும். பழைய ஃபில்டரை இழுக்கும்போது அது பல நேரம் பம்ப் வாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மேலே புதுசைத் திணித்தால் சரியாக உட்காராமல் பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் விழும். நான் பயமுறுத்தவில்லை, பழைய ஃபில்டர் உங்கள் கையில் இருக்கிறதே, சீல் அதோடு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால், பழைய சீலைத் தனியாக எடுத்தாரா என்று மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், டிரெய்லர் மாட்டுவதற்கு முன்னால்.